கழுத்தைத் தூக்கச் சொல்லுங்கள்

பூச்சிமருந்து உட்கொண்டவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறவர்கள் டாக்டரிடம் முதலில் கேட்பது, "வயித்தைக் கழுவிட்டீங்களா?" என்றுதான். மூக்கு வழியே ரைல்ஸ் டியூப் இறங்கினால்தான் வைத்தியம் தொடங்கியதாக அவர்களுக்குத் தோன்றும். அந்தக் குழாயால் நுரையீரலுக்கு வரக்கூடிய ஆபத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

இரைப்பையின் மேல்வாயைச் சுருக்குப்பை போல இறுக்கி வைத்திருப்பது ஒரு வளையத் தசை. குழாய் நடுவே கிடந்தால் அது முழுதாக மூடாது. நினைவு தெளிவாக உள்ளவருக்கு இது பெரிய சிக்கலில்லை. மேலேறி வருவதை இருமித் தள்ளிவிடுவார். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகளோ தசைகளையும் சுரப்பிகளையும் கட்டுக்குள் வைக்கும் நொதியை முடக்கிவிடுகின்றன. எச்சிலும் சளியும் பொங்குகின்றன, நினைவு மங்குகிறது, இருமலும் ஓய்ந்துவிடுகிறது. அமிலமும் கிருமிகளும் மருந்தில் கலந்திருக்கும் கரைப்பான்களும் மூச்சுக்குழாயில் இறங்கினால் வருவது அஸ்பிரேஷன் நிமோனியா. அதனால்தான் மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தி வழியைக் காத்த பிறகே வயிற்றில் கை வைக்க வேண்டும். கழுவுவது எல்லோருக்கும் தேவையுமில்லை. வீட்டில் உப்புத் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ புகட்டி வாந்தி எடுக்க வைப்பது இதே ஆபத்தை வாசலிலேயே தொடங்கிவைக்கும்.

முதல் நாள் தப்பியவருக்கும் கண்டம் முடிந்துவிடுவதில்லை. ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குத் திடீரெனத் தசைகள் தளர்வதை இலங்கை மருத்துவர்கள் சேனாநாயக்கவும் கரலியத்தவும் 1987-ல் விவரித்தார்கள். முந்தைய நாள் பேசிக்கொண்டிருந்தவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. விழுங்கும் தசைகளும் மூச்சுத் தசைகளும் அப்போது தளர்ந்திருக்கலாம். "கழுத்தைத் தூக்குங்க" என்று சொல்லிப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. ஸ்கேனைவிட இதைத்தான் நான் முதலில் நம்புவேன்.

செலவில்லாத இன்னொன்று, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த 86 பேரிடம் பார்சிலோனாவில் செய்து 1999-ல் வெளியான ஆய்வில், மல்லாக்கப் படுத்திருந்தவர்களில் 34 சதவீதத்தினருக்கு நிமோனியா சந்தேகம் எழுந்தது. 45 டிகிரி சாய்வில் இருந்தவர்களில் 8 சதவீதம்தான். அவர்கள் விஷ நோயாளிகள் அல்லர். ஆனாலும் இரைப்பை நீர் மேலேறும் வழி எல்லோருக்கும் ஒன்றுதான். மூக்கு வழியே விட்ட குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்பதை, காற்றை ஊதி ஸ்டெதஸ்கோப்பில் கேட்டு முடிவுசெய்யக் கூடாது. நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அதே சத்தம் கேட்கலாம். எக்ஸ்ரே, அல்லது உறிஞ்சிய நீரின் அமிலத்தன்மை, இவைதான் சாட்சி.

துணைக்கு இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்ரோபின் ஊசி வாயை வறட்டிவிடும். நோயாளி தண்ணீர் கேட்டுக்கொண்டே இருப்பார். மனசு கேட்காமல் ஒரு வாய் கொடுத்துவிடுவார்கள். விழுங்கும் தசைகள் தளர்ந்திருந்தால் அதுவும் மூச்சுக்குழாயில் இறங்கலாம். நர்ஸ் சம்மதிக்கும்வரை நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுங்கள், போதும்.