பன்றித் தீனியில் ஒரு கணக்கு



1990 வாக்கில் எங்கள் லயத்துக்குப் பின்னால் அப்பா நாலு பன்றி வளர்த்தார். மரம் சீவிய சம்பளம் வயிற்றுக்கு. பன்றி விற்ற காசு அக்காள் கல்யாணத்துக்கு. அதுதான் வீட்டுக் கணக்கு.

ஒரு மாதம் பன்றிகளின் காலிலும் வயிற்றிலும் தோல் தடித்து வெடித்தது. சொறி என்று வேப்பெண்ணெய் தடவினோம். சத்துக் குறைவோ என்று அப்பா தீனியில் சுண்ணாம்புத் தூளைக் கூட்டினார். நோய் இன்னும் முற்றிப் போச்சு. இரண்டைப் பாதி விலைக்குத் தள்ளினோம். கல்யாணமும் ஒரு வருஷம் தள்ளிப் போனது.

அது சொறி இல்லை, துத்தநாகக் குறைவு என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. 1955-இலேயே அமெரிக்காவில் டக்கர், சால்மன் என்ற இருவர் இதைக் கண்டு சொல்லிவிட்டார்கள். சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் பைட்டேட் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது துத்தநாகத்தைக் குடலிலேயே கட்டிப்போடும். சுண்ணாம்பு கூடினால் கட்டு மேலும் இறுகும். தீனியில் சத்து இருந்தும் உடம்பில் ஒட்டாது. அப்பா நல்லது நினைத்தார்; கணக்கு தவறிவிட்டது.

இப்போது இதை ஏன் சொல்கிறேன்? சோயா விலை ஏறும்போது அதைக் குறைத்து, லைசின், மெத்தியோனைன், திரியோனைன் என்ற அமினோ அமிலங்களைத் தூளாகச் சேர்க்கிறார்கள். நல்ல வழிதான். பூ கூடை நிறைய இருந்தாலும் நார் இருக்கும் அளவுக்குத்தானே மாலை கட்ட முடியும்? பன்றிக்கு அந்த நார் பெரும்பாலும் லைசின். அது போதாவிட்டால் மிச்சப் புரதம் மூத்திரமாகத்தான் போகும். தீனியில் புரதத்தை 1 சதவிகிதம் குறைத்து இப்படி ஈடு கட்டினால், கழிவில் போகும் நைட்ரஜன் சுமார் 8 சதவிகிதம் குறைகிறது. நாற்றமும் குறையும், பக்கத்து வீட்டுச் சண்டையும் குறையும்.

ஆனால் சோயாவைக் குறைத்தால் புரதம் மட்டுமா குறைகிறது? அதோடு வந்த பாஸ்பரஸ், பொட்டாசியம், துத்தநாகமும் குறையும். லைசின் தூள் அவற்றை ஈடு செய்யாது. துத்தநாகத்தை மெத்தியோனைனோடு இணைத்து விற்கும் மருந்து நன்றாக ஒட்டும் என்கிறார்கள். எல்லா ஆய்விலும் ஒரே பலன் வரவில்லை. பைட்டேஸ் என்ற நொதி அப்படியல்ல. பைட்டேட்டின் கட்டை அவிழ்த்து பாஸ்பரஸை விடுவிக்கும். 1990-களிலிருந்தே புழக்கத்தில் உள்ளது.

ஆகவே தோழர்களே, புரதத்தைக் குறைக்கும் அன்றே தாது உப்புக் கலவையையும் சரிபாருங்கள். சுண்ணாம்பைக் கண்ணளவில் அள்ளிப் போடாதீர்கள். கால்நடை அதிகாரியிடம் கேளுங்கள், கேட்பதற்குக் காசில்லை. சம்பளச் சீட்டை வரி வரியாகப் பார்க்கிறோமே, தீனி மூட்டையில் ஒட்டிய சீட்டையும் அப்படியே பாருங்கள். அதிலும் நம் காசுதான் இருக்கிறது.