பல்லாவரத்து ஈமமேடு

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குச் செல்வோர் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்குகின்றனர். அதனை அடுத்துள்ள பல்லாவரத்தில், நெருங்கிய குடியிருப்புகளுக்கு இடையே, பெருங்கற்கால மக்கள் இறந்தோரை அடக்கம் செய்த ஈமப்பகுதி ஒன்று எஞ்சியிருப்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

பல்லாவரம் என்றதும் 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூசு பூட் அங்குக் கண்டெடுத்த பழைய கற்காலக் கைக்கோடரியே நம் நினைவுக்கு வரும். ஈமமேடு அதற்கு மிகப் பிற்பட்டது. இரும்பின் பயனை அறிந்திருந்த மக்களுடையது. இரண்டனையும் ஒரே காலத்தன என மயங்குதல் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ இங்குச் சுடுமண் ஈமப்பேழையை ஆராய்ந்து எழுதினார். நீண்ட தொட்டி போன்ற உடலும், அடியில் வரிசையாக அமைந்த குட்டைக் கால்களும் இவ்வகைப் பேழையின் இயல்பாகும். தாழியோ வாயகன்ற பெரும் பானை. பதுக்கையோ கற்களால் அமைவது. புறநானூற்றின் 228ஆம் பாடலில், கிள்ளிவளவன் மறைவு குறித்து ஐயூர் முடவனார் குயவனை விளித்துப் பாடுவது தாழியைப் பற்றியதே. அப்பாடலைக் கற்பிப்போர் இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தல் நன்று.

இவ்வீமப்பகுதி இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். கோயிலாயின் கோபுரம் கண்ணுக்குத் தெரியும். இங்கோ மண்ணும் கல்லுமே உள்ளன. எதன் பொருட்டுத் தம் மனையில் வீடு கட்ட இயலவில்லை என்பது விளங்காத குடியிருப்போரின் மனக்குறை நியாயமானதே எனக் கருதுகிறோம். தடையை மட்டும் அறிவித்து, காரணத்தை விளக்காது விடுதல் மேட்டுக்கும் நன்மை தராது.

இடநெருக்கடி சிங்கப்பூருக்கும் புதிதன்று. லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை வடக்கே நீளும் வழியில் இருந்த பிடாடாரி இடுகாட்டின் கல்லறைகள் 2001 முதல் 2006 வரை தோண்டியெடுக்கப்பட்டன; இன்று அங்கு அடுக்குமாடி வீடுகள் உள்ளன. ஆயினும் அங்கு அடக்கமானோருக்குப் பெயரும் உறவினரும் இருந்தனர். பல்லாவரத்தாருக்காகப் பேசுதற்கு உறவினர் எவருமிலர். மாணவரைச் சென்னைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஈமப்பேழையைக் காட்டிய பின்னர், பல்லாவரத்திற்கும் ஒரு பிற்பகலை ஒதுக்கலாம்.