கிம் கிம் ஆறும் ஓர் எழுத்துக் குறியும்

2019 மார்ச் 7. ஜொகூர், பாசிர் கூடாங் வட்டாரத்தின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டிருந்தது. பக்கத்துப் பள்ளி மாணவர்களுக்கு மூச்சுத் திணறலும் வாந்தியும் வந்தன. அடுத்த சில நாள்களில் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குச் சென்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. பாதிக்கப்பட ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டியிருக்கவில்லை. திரவமாகக் கொட்டியது வாயுவாகக் கிளம்பி வந்தது.

இந்த வேறுபாட்டைத்தான் இரசாயனச் சமன்பாட்டின் நிலைக்குறி சொல்கிறது. திடப்பொருளுக்கு எஸ், திரவத்துக்கு எல், வாயுவுக்கு ஜி, நீரில் கரைந்ததற்கு ஏக்யூ. எஸ்.பி.எம். தேர்வெழுதும் மாணவர்கள் அவசரத்தில் எளிதில் விட்டுவிடக்கூடியதும் இதுதான்.

பாசிர் கூடாங் காற்றில் கண்டறியப்பட்டதாக அப்போது அறிவிக்கப்பட்ட பொருள்களில் பென்சீன் உண்டு. அதன் கொதிநிலை ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ். ஆனால் ஆவியாக அவ்வளவு சூடு வேண்டியதில்லை, ஜொகூர் வெயிலே போதும். இதைச் சமன்பாடாக எழுதினால் இருபுறமும் அதே பென்சீன்தான். எல் ஜியாக மாறும், அவ்வளவே.

ஹைட்ரஜன் குளோரைடும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஜி போட்டால் அது வாயு. உலர்ந்த நீல லிட்மஸ் தாளின் நிறத்தை மாற்றாது. ஏக்யூ போட்டால் அதே சூத்திரம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணிலும் தொண்டையிலும் ஈரம் இருக்கிறதே, அந்த வாயு அங்கே போய் அமிலமாகிறது. எரிச்சலுக்குக் காரணம் அதுதான்.

இந்த அமிலத்தைச் சலவைக்கல் துண்டின்மேல் ஊற்றினால் நான்கு நிலைகளையும் ஒரே வரியில் பார்க்கலாம்:

கால்சியம் கார்பனேட் (திடம்) + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் (கரைசல்) → கால்சியம் குளோரைடு (கரைசல்) + நீர் (திரவம்) + கார்பன் டை ஆக்சைடு (வாயு)

அந்த 2 ஏன்? கால்சியம் குளோரைடுக்கு இரண்டு குளோரின் அணுக்கள் வேண்டும். அமிலத்தின் ஒரு மூலக்கூறில் ஒன்றுதான் உண்டு. எண்ணை எப்போதும் சூத்திரத்தின் முன்னால்தான் போட வேண்டும். ஆக்சிஜன் குறைகிறதே என்று நீரின் சூத்திரத்துக்குள் கைவைத்து ஓர் ஆக்சிஜன் அணுவைக் கூட்டினால், கிடைப்பது நீரன்று, ஹைட்ரஜன் பெராக்சைடு.

அணுக்களை எண்ணி முடித்ததும் வெப்பநிலையைப் பாருங்கள். மீத்தேன் எரியும்போது தீச்சுடரில் உண்டாகும் நீர் ஆவி. அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்தபின் அது திரவம். தேர்வுக் கேள்வி எந்த நிலைமையைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற குறியைப் போடுங்கள்.