பரணில் ஏறிய நாற்காலி

ஊர் விட்டு ஊர் வந்து வாழ்வோர் வீட்டில் மரச்சாமான் நிலைப்பது அரிது. வீடு மாறும்போதெல்லாம் பாத்திரங்களைக் கட்டுகிறோம். சுவாமி படங்களைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொள்கிறோம். நாற்காலியை மட்டும் வாசலில் நிறுத்திவிட்டு, 'இதை எடுத்துச் செல்வதா, விட்டுச் செல்வதா?' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். வண்டிக் கூலி நாற்காலியின் விலையை மிஞ்சும் என்று யாரேனும் கூறிவிடுவர். அத்துடன் அதன் கதை முடிந்துவிடும்.

மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாக வாழும் எங்கள் வீட்டிலும் அவ்வாறே நடந்தது. அதைக் கூறுமுன், நாம் வேண்டாமென்று தள்ளும் இப்பொருளை உலகில் வேறு சிலர் எவ்வளவு ஆவலுடன் தேடித் திரட்டுகின்றனர் என்பதை அன்பர்கள் அறிதல் நலம்.

யூதத் தெருவில் ஒரு மாலை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜூ டவுன் என வழங்கும் யூதத் தெருவுக்கு நாங்கள் சென்றிருந்தோம். 1568ஆம் ஆண்டு எழுப்பப்பெற்ற பரதேசி யூதர் ஆலயம் அத்தெருவின் கோடியில் உள்ளது. ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் ஏலமும் மணந்த கிடங்குகள் பல, யூதக் குடும்பங்கள் இஸ்ரேல் நாட்டுக்குக் குடிபெயர்ந்த பின்னர், பழம்பொருட் கடைகளாக மாறிவிட்டன. செட்டிநாட்டுத் தூணும், கேரளத்துத் தறவாட்டுக் கதவும், தோட்டத் துரைமார் கால் நீட்டிச் சாய்ந்திருந்த நீண்ட கை நாற்காலியும் அங்கே அருகருகே நிற்பதைக் காணலாம்.

ஒரு கடையின் மூலையில், ஆடம்பரம் ஏதுமற்ற ஒரு நாற்காலி இருந்தது. தேக்கு மரம், சற்றே சாய்ந்த மெல்லிய கால்கள், முதுகிலும் இருக்கையிலும் பிரம்புப் பின்னல். செதுக்கு வேலை ஒன்றுகூட இல்லை. விலைச்சீட்டில் பதினெட்டாயிரம் ரூபாய் என்றிருந்தது.

"இதற்கா இவ்வளவு?" என்று கேட்டோம்.

கடைக்காரர் சிரித்தார். "சிங்கமுகம் செதுக்கிய நாற்காலியைப் பார்க்க வருகிறார்கள். வாங்குவதோ இதைத்தான்" என்றார்.

நாங்கள் பதில் கூறவில்லை. அதைப்போன்ற நாற்காலி ஒன்றை முந்நூறு ரூபாய்க்குப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்ட நினைவு நெஞ்சை உறுத்தியது.

அழகு எங்கே இருக்கிறது?

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், ஏறத்தாழ 1970 வரையில் உண்டான நாற்காலி, சோபா வகைகளை நடு நூற்றாண்டு நவீனப் பாணி என்று கூறுவர். முன்னாளில் நாற்காலியின் பெருமை அதன் செதுக்கு வேலையிலும் பட்டு மெத்தையிலும் இருந்தது. புதிய கலைஞர்கள் அதை மாற்றினர். அமர்வோர் உடல் எங்கே சாய்கிறது, கை எங்கே ஓய்கிறது என்று நோக்கி, அதற்கு வேண்டிய மரத்தை மட்டும் வைத்தனர். மரம் மரமாகவே தெரியவேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் வெக்னர் 1949இல் அமைத்த நாற்காலி வகைதான், 1960இல் கென்னடியும் நிக்ஸனும் வாதிட்ட தொலைக்காட்சி மேடையில் இருந்தது. அமெரிக்காவில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் ஒட்டுப்பலகையை வளைத்து 1956இல் செய்த சாய்வு நாற்காலி இன்றும் விலைபோகிறது. இவ்விருவரும் நம் நாட்டு அரசின் அழைப்பில் இங்கு வந்து 1958இல் ஓர் அறிக்கை அளித்தனர். அதில் அவர்கள் வியந்து போற்றியது நம் வீட்டு நீர்ச்செம்பை! அன்றாடப் பொருளின் வடிவம் பல தலைமுறையினர் கைபட்டுத் திருந்தியது என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். அவ்வறிக்கையை அடுத்தே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று.

சண்டிகர் புகட்டும் பாடம்

இப்பாணியில் இந்திய மண்ணிலேயே பிறந்து உலகப் புகழ் பெற்றவை சண்டிகர் நாற்காலிகள். பஞ்சாபின் புதிய தலைநகரை அமைக்க லெ கார்புசியே என்ற கட்டடக் கலைஞர் வந்தபோது, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே 1951இல் உடன் வந்தார். முன்னவர் வந்து வந்து போனார். பின்னவர் 1965 வரையில் அங்கேயே தங்கினார். நீதிமன்றம், பல்கலைக்கழகம், செயலகம், நூலகம், ஊழியர் வீடு ஆகிய அனைத்துக்கும் ஆயிரக்கணக்கில் இருக்கைகள் தேவைப்பட்டன. யூலி சௌத்ரி போன்ற இந்தியக் கலைஞர்களும் ஜான்னரேயுடன் சேர்ந்து உழைத்தனர். உள்ளூர்த் தேக்கும் பிரம்பும் கொண்டு, உள்ளூர்த் தச்சர்களே அவற்றைச் செய்தனர். கவராயம் விரிந்தாற்போன்ற கால்கள் அவற்றின் அடையாளம். ஜான்னரே 1967இல் சுவிட்சர்லாந்தில் காலமானார். அவர் விரும்பியவாறே அவரது சாம்பல் சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

அவர் நேசித்த ஊர் அவருடைய நாற்காலியை நேசிக்கவில்லை. இரும்பு நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தபின், பிரம்பு அறுந்தவையும் கால் உடைந்தவையும் மொட்டை மாடிகளில் குவிந்தன. அலுவலகங்கள் அவற்றைக் கழிவெனக் கணக்கெழுதி, சொற்ப விலைக்கு ஏலம் விட்டன. பிரான்சு நாட்டு வணிகர் சிலர் அவற்றை வாங்கிப் பழுது நீக்கி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏலத்தில் வைத்தனர். விலை இலட்சக்கணக்கில் ஏறியது. குமாஸ்தா அமர்ந்து கோப்பு எழுதிய நாற்காலி, கோடீசுவரர் மாளிகையின் கூடத்தை அடைந்தது!

இதைத் தடுக்கச் சட்டமில்லையா என்று அன்பர்கள் கேட்கலாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, இத்தகைய பொருள் நூறாண்டு கடந்ததாயின் மட்டுமே தொல்பொருளாகும். 1950களில் பிறந்த நாற்காலிக்கு அந்த வயது ஆகவில்லை. ஏலத்தில் முறைப்படி வாங்கியவரிடமிருந்து பறிக்கவும் இயலாது. ஊர் விழித்தபின், 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கலாகாது என ஆணையிட்டது. 2012இல் எஞ்சியவற்றைக் கணக்கெடுத்தபோது 12,793 பொருட்கள் இருந்தன. சென்றவை சென்றவையே.

எங்கள் பணி ரயில்வே அலுவலகத்தில். பயனற்றதென முடிவான பொருளைப் பதிவேட்டில் 'கண்டம்' என்று குறிப்பது அங்கே வழக்கம். அச்சொல்லை எழுத அரை நிமிடம் போதும். அப்பொருளைச் செய்த தச்சர் எத்தனை நாள் உழைத்தார் என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

புதுச்சேரியில் வேறு விதம்

தமிழகத்துக்கு அருகிலேயே இதற்கு மாறான நல்ல காட்சியும் உண்டு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை அறிந்தோர் அறிவர். ஆண்டனின் ரேமண்ட் என்பார் அமைத்த அக்கட்டடத்தின் வேலையை, 1930களின் பிற்பகுதியில் உடனிருந்து கவனித்தவர் ஜார்ஜ் நாகாஷிமா. ஜப்பானிய மரபில் அமெரிக்காவில் பிறந்த அவர், அவ்விடுதி அறைகளுக்கான தேக்குச் சாமான்களையும் வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் மரவேலைக் கலைஞராக அவர் பெரும்புகழ் அடைந்தார். ஆனால் கோல்கொண்டேயின் சாமான்கள் ஏலத்துக்குப் போகவில்லை. நாள்தோறும் துடைத்துப் பேணி அவற்றைப் பயன்படுத்தி வந்தனர். விலை தெரிந்ததால் அவர்கள் காத்தனர் என்பதில்லை. பொருளைப் பேணுவதே ஒழுக்கம் என எண்ணியதால் காத்தனர்.

எங்கள் வீட்டு நாற்காலி

இனி எங்கள் கதைக்கு வருவோம். எங்கள் பாட்டனார் திருநெல்வேலியிலிருந்து வந்து, மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கெழுதினார். 1960களில், ஏதோவொரு பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டி, இவ்வூர் ஆசாரி ஒருவரிடம் இரண்டு நாற்காலிகள் செய்வித்தார். ஒன்று அவருக்கு, மற்றொன்று வீடு தேடி வருவோருக்கு. ஊரிலிருந்து வேலை தேடி வந்த எத்தனையோ இளைஞர்கள் அந்த இரண்டாம் நாற்காலியில் அமர்ந்துதான் முதல் காப்பியைக் குடித்தனராம்.

ஐந்தாண்டுகளுக்கு முன் சிறிய வீட்டுக்கு மாறியபோது, ஒரு நாற்காலியை விற்றோம். மற்றது பிரம்பு கிழிந்து கிடந்தபடியால் விலைபோகாமல் பரணில் ஏறியது. யூதத் தெருவிலிருந்து திரும்பிய அன்றிரவு அதை இறக்கினோம். தாயார் அருகில் வந்து அதன் கையைத் தடவிப் பார்த்தார்.

"மற்றதை நீ விற்றபோது உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன். வீடு சிறியது; நான் என்ன சொல்வது?" என்றார்.

பிரம்பு பின்னுபவர் ஒருவரைத் தேடிப்பிடிக்கவே மூன்று வாரம் ஆயிற்று. அவர் பழைய பின்னலை அறுத்து நீக்கியபோது, உட்சட்டத்தில் பென்சிலால் எழுதிய இலக்கம் ஒன்று தெரிந்தது: 2. ஆசாரி தம் அடையாளத்துக்கு இட்டது. விருந்தினர் நாற்காலி எங்களிடம் நின்றுவிட்டது. பாட்டனார் அமர்ந்த முதல் நாற்காலி எங்கள் கையாலேயே போயிற்று. பதினெட்டாயிரம் அன்று, பத்து மடங்கு கொடுத்தாலும் அது திரும்பாது.

வாங்குவோருக்கும் வைத்திருப்போருக்கும்

திரட்டும் ஆர்வமுள்ளோர் சிலவற்றைக் கவனித்தல் வேண்டும். முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் மேற்பக்கத்தைப்போன்றே ஒரே சீராகச் சாயம் ஏறியிருந்தால் ஐயம் கொள்ளுங்கள். கை படும் இடமும் கால்களின் அடியும் தேய்ந்திருப்பது இயல்பு; தேயக்கூடாத இடத்தில் தேய்மானம் இருப்பின், அது அரத்தின் வேலையாக இருக்கலாம். பழைய வேலையில் ஒரு மரத்தின் நாக்கு மற்றொன்றின் துளையில் இறுகப் பொருந்தியிருக்கும். சண்டிகர் பொருட்களில் அலுவலகப் பெயரும் எண்ணும் வண்ணத்தால் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அவ்வெழுத்தையும் போலியாக எழுதுவோர் உளர். ஆதலின் எழுத்தை மட்டும் நம்பி ஏமாறவேண்டாம்.

தொய்ந்த பிரம்பு அறுந்துபோகாதிருந்தால் மாற்றவேண்டியதில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, வெந்நீரில் நனைத்த துணியை அடிப்பக்கத்தில் சிறிது நேரம் போர்த்தி, பின்னர் நிழலில் உலர்த்தினால் பின்னல் மீண்டும் இறுகும். அறுந்திருந்தால், எட்டு மூலைக் கண்ணாகப் பின்னத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அக்கைத்தொழிலுக்கும் அது ஆதரவாகும். பழைய மெருகைச் சுரண்டி எடுத்துப் புதிய பளபளப்பு ஏற்றாதீர்கள். கொச்சியின் மழைக்காலத்தில் சுவரையொட்டி வைக்காதீர்கள். சிறு துளையும் மாவு போன்ற தூளும் தென்பட்டால் வண்டு புகுந்துள்ளது என்று அறிந்து உடனே மருந்திடுங்கள்.

விலை உயரும் என்று வாங்கிக் குவிப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. நம் போன்ற குடும்பங்களின் கூலிக்கும் சம்பளத்துக்கும் அது ஏற்றதன்று. ஆயினும் திரட்டத் தொடங்க நல்ல இடம் ஒன்று உண்டு: அவரவர் வீட்டுப் பரண். அங்கே கிடப்பதை இறக்குங்கள். யார் செய்தது, யார் வாங்கியது, எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி இருக்கையின் அடியில் ஒட்டிவையுங்கள். எங்கள் பாட்டனாருக்கு நாற்காலி செய்த ஆசாரியின் பெயரைக் கேட்டோம், தாயாருக்கு நினைவில்லை. அதை அறிந்தோர் இன்று எவருமில்லை.

அந்த நாற்காலி இப்போது எங்கள் முன்னறையில் இருக்கிறது. இடம் குறுகல்தான், கதவை முழுதும் திறக்க இயலவில்லை. வரும் அன்பர்கள் சற்று ஒருக்களித்து நுழைந்து, அதில் அமர்ந்து காப்பி அருந்திச் செல்லலாம்.