மலை நடை: "எத்தனை கிலோமீட்டர்?" என்று மட்டும் கேட்காதீர்கள்!



பொங்கல் லீவு முடிந்து நான் நொண்டி நொண்டி வகுப்புக்கு வந்ததைப் பார்த்து, "என்னடா, மாடு முட்டிருச்சா?" என்று பாதிப் பேர் கேட்டீர்கள். மாடு முட்டவில்லை. ஆனால் மாடும் இந்தக் கதையில் வருகிறது, கடைசியில்.

நம்ம பெரியகுளத்தில் மலை நடைக் குழு ஒன்று இருப்பது உங்களில் பலருக்குத் தெரியாது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள், பிள்ளைகள் எல்லோரும் வேன் பிடித்துப் போய், ஒரு மலைப்பாதையில் நடந்துவிட்டுத் திரும்புவார்கள். நான் என் மாமாவோடு போகிறேன். குழுத் தலைவர் ரிட்டயர் ஆன தபால்காரர். நாங்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

தாத்தா ஒவ்வொரு நடைக்கும் ஒரு தரம் எழுதி ஒட்டுவார்: சுலபம், நடுத்தரம், கடினம். நான் முதலில் தூரத்தை வைத்துத்தான் தரம் போடுகிறார் என்று நினைத்தேன். தப்பு. கொடைக்கானலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியைச் சுற்றி வந்தால் சுமார் 5 கிலோமீட்டர். (அது 1863-இல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் கட்டியது. இயற்கை ஏரி என்று நினைத்தவர்கள் கை தூக்கவும்!) இந்த 5 கிலோமீட்டர் "சுலபம்". வட்டக்கானலில் இருந்து டால்பின் மூக்குப் பாறைக்குப் போவது இதைவிடக் குறைந்த தூரம்தான். ஆனால் அது "நடுத்தரம்". ஏனென்றால் பாதை முழுக்க மரவேர், கல், சரிவு. மழை பெய்தால் வழுக்கும். அதே பாதையில் மேலும் கீழே இறங்கி வெள்ளகெவி கிராமம் வரை போய்த் திரும்பினால் "கடினம்". ஆக தூரம், ஏற்றம், பாதை, வழியில் தண்ணீர் உண்டா, பாதியில் முடியாவிட்டால் வண்டி வருமா, இவ்வளவையும் பார்த்துத்தான் தரம்.

ஏற்றத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு சாருக்குப் பிடிக்கும் என்று எழுதுகிறேன். 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதி இது. நம்ம அளவில் மாற்றினால் 5 கிலோமீட்டர் தூரத்துக்கு 1 மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு 1 மணி நேரம். 6 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் என்றால் 1 மணி 12 நிமிடம் + 1 மணி = 2 மணி 12 நிமிடம். இது நல்ல தெம்புள்ள ஆள், உட்காராமல் நடந்தால். பிள்ளைகள் இருக்கும் கூட்டத்துக்குத் தாத்தா இதோடு பாதியைக் கூட்டிக்கொள்வார்.

நம் வசதிக்கு எங்கே வேண்டுமானாலும் ஏறிவிட முடியாது. இங்கிலாந்தில் 1932 ஏப்ரல் 24 அன்று மில் தொழிலாளிகளும் மற்றவர்களும் கிண்டர் ஸ்கௌட் என்ற மலையில் "எங்களுக்கும் நடக்க உரிமை உண்டு" என்று கூட்டமாக ஏறினார்கள். அதற்காக ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். அங்கே பிரச்சினை நிலச் சொந்தக்காரர்களோடு. இங்கே காட்டில் யானை, காட்டுமாடு, தீ. 2018 மார்ச் 11 அன்று நம்ம தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன கூட்டம் காட்டுத் தீயில் மாட்டி, 20 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இப்போதும் பெரியவர்கள் அதைச் சொல்லித்தான் நம்மைத் தடுக்கிறார்கள். 2024 அக்டோபரில் வனத்துறையே 40 மலைப்பாதைகளைத் திறந்தது. அதிலும் இதே மூன்று தரம்தான். மலைக் கிராமத்து அண்ணன், அக்காக்கள் வழிகாட்டியாகக் கூட வருவார்கள். அனுமதி இல்லாமல் வனத்துக்குள் போவது குற்றம்.

இனி என் கதை. பொங்கல் லீவில் வெள்ளகெவி நடை. தரம் "கடினம்". இரண்டு நாள் முன்னால்தான் எனக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வேனில் ஏறும்போது தாத்தா எல்லோரிடமும் கேட்டார்: "உடம்பு சரியில்லாதவங்க யாராச்சும் உண்டா? இப்பவே சொல்லிருங்க." நான் பேசவில்லை. சொன்னால் மாமா வீட்டுக்கு அனுப்பிவிடுவார். காலையில் சாப்பிடவும் இல்லை.

9 மணிக்கு வட்டக்கானலில் இறங்க ஆரம்பித்தோம். மொத்தம் 14 பேர். முன்னால் வெள்ளகெவிக்கார வழிகாட்டி அண்ணன். கடைசியில் தாத்தா. அவரைத் தாண்டி யாரும் பின்னால் நிற்கக் கூடாது, அண்ணனைத் தாண்டி யாரும் முன்னால் போகக் கூடாது. கூட்டத்தில் நிதானமாக நடப்பவர் யாரோ, அவர் வேகம்தான் எல்லோருக்கும். இறக்கம் என்பதால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "இதுவா கடினம்?" என்று மாமாவைக் கேலி செய்தேன்.

11.30-க்கு ஊருக்கு வந்தோம். எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குள் கோயில்கள் நிறைய, அதனால் யாரும் செருப்பு போடுவதில்லை. ஒரு வீட்டில் கடுங்காபி கொடுத்தார்கள். தாத்தா வாட்சைப் பார்த்து, "இறங்க ரெண்டரை மணி. ஏற ரெண்டு மடங்கு, அஞ்சு மணி. பன்னெண்டரைக்குக் கிளம்பியே ஆகணும்" என்றார்.

மற்ற மலையில் ஏற்றம் முதலில் வரும். தெம்பு இல்லை என்றால் பாதியில் திரும்பி இறங்கிவிடலாம். வெள்ளகெவியில் தலைகீழ்! ஆசை காட்டி இறக்கிவிடும், களைத்த பிறகுதான் மலை ஆரம்பிக்கும். கிளம்பி ஒரு மணி நேரத்தில் எனக்குக் கண் இருட்டியது. ஒரு வேரில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். தாத்தா விசில் ஊதினார். முன்னால் போனவர்கள் அப்படியே நின்றார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள், ஒரு சின்னப் பாப்பா உட்பட. தாத்தா உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்து, "காலைல என்னப்பா சாப்பிட்ட?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் காய்ச்சலையும் சொன்னேன். மாமா என் பையை வாங்கிக்கொண்டார். இருபது அடி நடப்பேன், நிற்பேன்.

டால்பின் மூக்கைத் தாண்டும்போதே மூடுபனி இறங்கிவிட்டது. சாயங்காலக் குளிர் வேறு. (1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். கொடைக்கானல் நம்ம ஊரைவிடச் சுமார் 1800 மீட்டர் உயரம், நீங்களே பெருக்கிப் பாருங்கள்.) 5.30-க்கு வர வேண்டியவர்கள் 6 மணி தாண்டியும் மேலே போய்ச் சேரவில்லை. அப்போது வழிகாட்டி அண்ணன் கையைத் தூக்கினார். பாதையின் நடுவில் கறுப்பாக, பாறை மாதிரி, ஒரு காட்டுமாடு.

யாரும் பேசவில்லை. அந்தப் பாப்பாவின் வாயை அவள் அம்மா பொத்திக்கொண்டார். இருபது நிமிடம் நின்றோம். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. அது தானாக இறங்கி மரங்களுக்குள் போன பிறகுதான் அண்ணன் எங்களை நடக்கவிட்டார். முக்கால் மணி முன்னால் வந்திருந்தால் நல்ல வெளிச்சத்தில் தாண்டிப் போயிருப்போம். அந்த முக்கால் மணி என்னுடையது.

வேனில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

பிப்ரவரி மாத நடை ஏரியைச் சுற்றி, தரம் "சுலபம்". அதற்குப் பிறகு தீப் பருவம், மழை வரும் வரை காட்டுப்பாதை கிடையாது. பிப்ரவரி நடையில் கடைசி ஆளாக நடக்கும் வேலையைத் தாத்தா எனக்குக் கொடுத்திருக்கிறார், விசிலோடு. ஆபத்து என்றால் ஒரு நிமிடத்தில் 6 தடவை ஊத வேண்டும், பதில் 3 தடவை வரும். வர விரும்புகிறவர்கள் வீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னிடம் பெயர் கொடுக்கவும். ஒரு லிட்டர் தண்ணீர், ஸ்வெட்டர், பிடிப்புள்ள ஷூ வேண்டும். வேன் காலை 6 மணிக்கு, பஸ் ஸ்டாண்டு வாசலில். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பேன்.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்