கணிப்பொறிக்குள் கதவு திறந்துவிடும் நிரல்

கணிப்பொறியில் தீநிரல் ஒன்று அகப்பட்டு, அதனை அழித்துவிட்டால் பணி முடிந்தது என்ற எண்ணம் அலுவலகங்களில் பரவலாக உள்ளது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் 'நீக்கப்பட்டது' என அறிவித்தவுடன் ஊழியர் தம் வேலைக்குத் திரும்பிவிடுகிறார். 'டிரோஜன் டவுன்லோடர்' எனப்படும் வகையைப் பொறுத்தவரை இதைவிட ஆபத்தான நிம்மதி வேறில்லை எனலாம்.

கிரேக்க வீரர்கள் மரக்குதிரைக்குள் ஒளிந்து டிராய் நகரினுள் புகுந்த கதையை ஒட்டி ஏற்பட்ட பெயர் டிரோஜன். நம்பத்தக்க கோப்பாக வேடமிட்டு வருவது அதன் இயல்பு. அவற்றுள் டவுன்லோடர் பெரும்பாலும் மிகச் சிறிய நிரல். கோப்புகளைப் பூட்டுவதும் பணத்தைத் திருடுவதும் அதன் நேரடிப் பணியன்று. இணையத்தின் வழியே வேறு தீநிரல்களைத் தருவித்து நிறுவுவதே அதன் பணியாகும். எதைத் தருவிப்பது என்பதை அதனை ஏவியவர்கள் பின்னர் தீர்மானிக்கின்றனர்.

எமோடெட் தரும் பாடம்

2014-ல் வங்கிக் கணக்கு விவரங்களைத் திருடும் நிரலாகத் தோன்றிய எமோடெட், நாளடைவில் பிறரது தீநிரல்களைக் கூலிக்குக் கொண்டுசேர்க்கும் டவுன்லோடராக மாறியது. பட்டியல், ரசீது போன்ற பெயருடன் வேர்டு ஆவணம் ஒன்று மின்னஞ்சலில் வரும். சில வேளைகளில், முன்பு உண்மையாகவே நடந்த கடிதப் போக்குவரத்துக்கு மறுமொழி போலவே அது அமைந்திருக்கும். ஆவணத்தைத் திறந்து, அது கேட்கும் அனுமதியை அளித்தால், உள்ளே மறைந்துள்ள மேக்ரோ இயங்கி டவுன்லோடரை வரவழைக்கும். அதன்பின் டிரிக்பாட் வரும்; அதைத் தொடர்ந்து, கோப்புகளைப் பூட்டிப் பிணைத்தொகை கேட்கும் ரியூக் வரும். 2018-ல் அமெரிக்காவின் ஆலன்டவுன் நகராட்சி எமோடெட்டால் பாதிக்கப்பட்டபோது, சீரமைப்புச் செலவு சுமார் 10 லட்சம் டாலர் என மதிப்பிடப்பட்டது.

2021 ஜனவரியில் எட்டு நாடுகளின் காவல்துறை, நீதித்துறை அமைப்புகள் கூட்டாக எமோடெட்டின் கட்டுப்பாட்டுச் சர்வர்களைக் கைப்பற்றின. பாதிக்கப்பட்ட கணிப்பொறிகளிலிருந்து அதனை அகற்றும் நிரலும் அனுப்பப்பட்டு, ஏப்ரல் 25 அன்று செயற்பட்டது. ஆனால் எமோடெட் ஏற்கெனவே கொண்டுவந்து சேர்த்திருந்த பிற தீநிரல்களை அந்நிரல் நீக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் எமோடெட் மீண்டும் தலைகாட்டியது. இம்முறை அதனைச் சுமந்துவந்தது, முன்பு எமோடெட் சுமந்துவந்த அதே டிரிக்பாட்!

அகற்றும் முறை

ஐயம் எழுந்தவுடன் கணிப்பொறியின் வலையமைப்புக் கம்பியையும் வைஃபை இணைப்பையும் துண்டிக்க வேண்டும். டவுன்லோடருக்கு இணையமே உயிர்நாடி. பென் டிரைவையோ, காப்புநகல் உள்ள வன்தட்டையோ அக்கணிப்பொறியில் செருகலாகாது. எமோடெட் போன்றவை எளிய கடவுச்சொற்களை ஊகித்து அண்டைக் கணிப்பொறிகளுக்கும் பரவக்கூடியவை. எனவே ஒன்றை மட்டும் தூய்மைசெய்து மீண்டும் இணைப்பது வீண் உழைப்பு. அதே வலையமைப்பில் உள்ள அனைத்தையும் சோதித்தல் வேண்டும்.

வின்டோஸ் இயங்கத் தொடங்குமுன்னரே சோதனையிடும் 'ஆஃப்லைன்' முறை, மறைந்திருக்கும் நிரல்களைக் கண்டறிய உதவும். தொடக்கத்தில் தானே இயங்கும் நிரல்களின் பட்டியலையும், குறித்த நேரத்தில் இயங்குமாறு பதிவான பணிகளையும் பார்வையிட வேண்டும். மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா இதற்கான கருவிகளை இலவசமாக வழங்குகிறது.

எனினும், டவுன்லோடர் இயங்கியது உறுதியானால், வன்தட்டை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே நம்பகமான வழி. என்னென்ன உள்ளே வந்தன என்பதை எந்தக் கருவியாலும் முழு உறுதியுடன் கூற இயலாது. கடவுச்சொற்களை வேறொரு தூய கணிப்பொறியிலிருந்து மாற்ற வேண்டும். பாதிக்கப்பட்ட கணிப்பொறியிலேயே மாற்றினால் புதிய சொல்லும் களவுபோகும்.

ஆவணத்தைத் திறந்த ஊழியர் தண்டனைக்கு அஞ்சி வாய்திறவாதிருப்பது பல இடங்களிலும் காணும் நிலை. அந்த மௌனம் தரும் அவகாசத்தில்தான் டவுன்லோடர் தன் பணியைச் செய்துமுடிக்கிறது. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, தீநிரல் தாக்குதல் உள்ளிட்ட நிகழ்வுகளை அரசு அமைப்புகளும் நிறுவனங்களும் அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.