உடற்பருமன்: பெண்ணின் குற்றம் மட்டுந்தானா?

உடல் பருத்தால் ‘வாயைக் கட்டத் தெரியாதவள்’ என்று பெண்ணைத்தான் குறை சொல்கிறோம். ஆனால் வீதிக்கும் ஊர்வாய்க்கும் இதில் பங்குண்டு.

1990களில் எரிபொருள் தடையின்போது யாழ்ப்பாணத்துப் பெண்கள் பெரும்பாலும் சைக்கிளிலேயே போய்வந்தனர். இன்று ஸ்கூட்டி வந்துவிட்டது. பலருக்குத் தையல் மெசின் முன் அமர்ந்தபடியே பிழைப்பு. நடப்போமென்றால் பல வீதிகளில் நடைபாதை இல்லை. இருக்கும் இடங்களிலும் வாகனங்கள் மறித்து நிற்கின்றன. “புருசன் இல்லாதவள் பின்னேரத்திலை எங்கை போறாள்?” என்ற பேச்சுக்குப் பயந்து மாலை நடையை நிறுத்திய சகோதரிகளை என் பணியில் சந்தித்திருக்கிறேன். குடும்பத்தைத் தனியே சுமக்கும் அவர்களுக்கு நீரிழிவோ இருதய நோயோ வந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது?

நல்ல சட்டங்கள் கைகொடுக்கும். 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. பிள்ளைகளுக்கு வாங்குமுன் அதைப் பாருங்கள்.

பெண்களின் இடைச் சுற்றளவு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனம் தேவை. 35 வயதைக் கடந்தவர்கள் அரச மருத்துவமனைகளிலுள்ள ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

சகோதரிகளே, மாதர் சங்கத்தில் நாலைந்து பேராகச் சேர்ந்து நடவுங்கள். கூட்டமாகப் போனால் ஊர்வாய் அடங்கும். நடைபாதையும் வீதி விளக்கும் கேட்டு மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ ஒன்றாகக் கையொப்பமிட்டு மனுக்கொடுங்கள்.